என்கிரிப்ஷனும் செய்தியும்: நீங்கள் கேட்டவை, நான் சொல்பவை

தகவல் பாதுகாப்பு என் தொழில். செய்தி டெஸ்க்கில் இருக்கும் நண்பர்கள் சிலர், மறையாக்கம் (அதாவது என்கிரிப்ஷன், சாவி இருப்பவர் மட்டும் படிக்கும்படி செய்தியைப் பூட்டுவது) பற்றி ஏதாவது செய்தி வந்தால் வெளியிடும் முன் எனக்கு அனுப்பி "இது சரியா?" என்று கேட்பார்கள். அந்தப் பழக்கத்தில்தான் எல்லாரையும் கேட்கச் சொன்னேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

குற்றச் செய்தியாளர் ஒருவர்: தாக்குதல் நடந்த அன்றே, "மறையாக்கச் செயலியில் பேசித்தான் திட்டம் போட்டார்கள்" என்று ஓர் அதிகாரி சொல்கிறார். பெயர் போட வேண்டாம் என்கிறார். போடலாமா அண்ணா?

அன்றைக்குப் போடாதீர்கள் தம்பி. 2015 நவம்பர் 13, பாரிஸ் தாக்குதல். பிளேஸ்டேஷன் 4 என்ற வீடியோ கேம் கருவி வழியாகப் பேசிக்கொண்டார்கள் என்று ஒன்றிரண்டு நாளில் உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. எங்கிருந்து வந்தது தெரியுமா? தாக்குதலுக்குச் சில நாள் முன்பு பெல்ஜியத்தின் உள்துறை அமைச்சர் அந்தக் கருவியைக் கண்காணிப்பது கடினம் என்று பொதுவாகச் சொல்லியிருந்தார். அதைக் கொண்டுவந்து தாக்குதலோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். விசாரணையில் கிடைத்தது, தாக்கப்பட்ட இடங்களில் ஒன்றான பட்டக்லான் அரங்குக்கு வெளியே குப்பைத்தொட்டியில் கிடந்த ஒரு போன். அதிலிருந்து போயிருந்தது "கிளம்பிவிட்டோம், ஆரம்பிக்கிறோம்" என்கிற பொருளில் ஒரு சாதாரண எஸ்எம்எஸ். தபால் அட்டை மாதிரி, வழியில் கையாள்பவர் படிக்கக்கூடியது. அவர்கள் மறையாக்கத்தைத் தொடவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த முதல் நாட்களில் எழுதியவர் யாருக்கும் அது தெரியாது, தெரிந்த மாதிரி எழுதினார்கள், அதுதான் என் வருத்தம்.

அதிகாரியிடம் கேளுங்கள்: எந்தச் செயலி? போன் கையில் கிடைத்துத் தெரிந்ததா, ஊகமா? அந்தச் செயலியில் மறையாக்கம் எந்த அளவுக்கு? டெலிகிராமை எல்லாரும் "மறையாக்கச் செயலி" என்று எழுதுகிறார்கள், ஆனால் அதில் சாதாரண அரட்டை முனைக்கு முனை மறையாக்கப்பட்டது (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் படிக்கக்கூடியது, நடுவில் நிறுவனத்தாலும் முடியாது) அல்ல. ரகசிய அரட்டை என்று தனியாகத் தொடங்கினால்தான் உண்டு.

கேள்வி: சார், வாரண்டு இருந்தால் என் வீட்டுக்குள்ளேயே போலீஸ் வரலாம். போனுக்கு மட்டும் ஒரு சாவி கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

நியாயமான கேள்வி. வாரண்டோடு வருகிறவர் உங்கள் ஒரு வீட்டுக்கு வருகிறார். நீங்கள் சொல்லும் சாவி எல்லா வீட்டையும் திறக்கிற சாவி, அதைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று பூட்டுக்குத் தெரியாது.

இது கற்பனை பயம் இல்லை. கிரீஸில் வோடபோன் நிறுவனத்தின் தொலைபேசி இணைப்பகங்களில் சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கான மென்பொருள் இருந்தது. யாரோ உள்ளே புகுந்து அதையே பயன்படுத்தி, 2004–05 காலத்தில் மாதக்கணக்கில், பிரதமர் உட்பட நூறுக்கும் மேற்பட்டவர்களின் பேச்சைக் கேட்டார்கள். 2024-இல் அமெரிக்கா. சால்ட் டைஃபூன் என்று பெயரிடப்பட்ட, சீனாவோடு தொடர்புபடுத்தப்படும் ஊடுருவல்காரர்கள் அங்கே தொலைபேசி நிறுவனங்களுக்குள் நுழைந்து, நீதிமன்ற ஆணைப்படி ஒட்டுக்கேட்பதற்காக வைத்திருந்த அமைப்புகள் வரை போனார்கள். அந்த டிசம்பரில் அமெரிக்க அதிகாரிகளே மக்களிடம், மறையாக்கம் உள்ள செயலியில் பேசுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. காவலுக்கு வைத்த வாசல் வழியாகவே திருடன் வந்தான், அவ்வளவுதான்.

அதே நண்பர்: அப்படியானால் போலீஸ் கைகட்டி நிற்க வேண்டுமா?

இல்லை. 2020-இல் பிரான்ஸ், நெதர்லாந்து போலீஸ் என்க்ரோசாட் என்ற மறையாக்கப் போன் வலையமைப்புக்குள்ளேயே புகுந்து குற்றக் கும்பல்களின் செய்திகளைப் படித்தது. குற்றக் கும்பல்கள் ரகசியமானது என்று நம்பிய அனோம் செயலியை, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயே மறைவில் நடத்தியது. 12,000-க்கும் மேற்பட்ட கருவிகள், 2021 ஜூனில் வெளியே சொன்னபோது 800-க்கும் மேற்பட்ட கைதுகள். குற்றக் கும்பல்கள் பயன்படுத்திய வலையமைப்புகளைக் குறிவைத்துச் செய்த வேலை. அதற்கும் தனி விவாதம் உண்டு, ஆனால் எல்லாருடைய பூட்டையும் பலவீனமாக்கச் சொல்வதும் இதுவும் ஒன்றல்ல.

ஒரு தாய்: குழந்தைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தும் படங்கள் பரவுவதை இது மறைக்கிறதே. எனக்கு அதுதான் பயம்.

உங்கள் பயம் சரியானது அம்மா. இந்த விவாதத்தில் எனக்கே கஷ்டமான இடம் இதுதான். நிறுவனம் செய்தியைப் பார்க்க முடிந்தால் ஏற்கெனவே பட்டியலில் உள்ள அத்தகைய படங்களைத் தானாக அடையாளம் காணலாம். 2023 டிசம்பரில் ஃபேஸ்புக்கின் மெசெஞ்சர் இயல்பாகவே மறையாக்கத்துக்கு மாறத் தொடங்கியபோது அந்தப் பார்வை குறைந்தது. இழப்பே இல்லை என்று சொல்கிற நிபுணரை நம்பாதீர்கள். ஆப்பிள் 2021-இல் போனுக்குள்ளேயே படங்களைச் சரிபார்க்கும் திட்டத்தை அறிவித்தது, இன்று இந்தப் பட்டியல் என்றால் நாளை ஓர் அரசு வேறு பட்டியலைத் திணிக்கும் என்ற எதிர்ப்பு வந்து, 2022 டிசம்பரில் கைவிட்டது. நானும் அந்த எதிர்ப்பின் பக்கம்தான், மனம் லேசாக இல்லாமல். ஒன்று மட்டும் இப்போதே செய்யலாம். செய்தியைப் பெற்றவர் "புகார்" பொத்தானை அழுத்தினால் அது திறந்த நிலையில் நிறுவனத்துக்குப் போகும், மறையாக்கம் குறுக்கே வராது. பிள்ளைக்கு அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள்.

துணையாசிரியர்: "வாட்ஸப்பில் பின்வாசல்" என்று தலைப்பு வைத்து ஒரு கட்டுரை வந்திருக்கிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பின்வாசல் என்றால் யாரோ உள்ளே வருவதற்காக ஒளித்து வைத்த வழி. இதே மாதிரி ஒரு தலைப்பில் 2017 ஜனவரியில் பிரிட்டனின் கார்டியன் பத்திரிகை எழுதியது. நடந்தது இது. நீங்கள் எனக்கு ஒரு செய்தி அனுப்புகிறீர்கள், என் போன் அணைந்திருக்கிறது, நான் புதுப் போன் வாங்கி வாட்ஸப்பை ஏற்றுகிறேன். எனக்கு வரும் செய்திகளைப் பூட்டித் திறக்கும் புது மறையாக்கச் சாவி உருவாகும். வந்துசேராமல் இருந்த உங்கள் செய்தியை உங்கள் போன் புதுச் சாவியில் பூட்டி மறுபடி அனுப்பும், உங்களைக் கேட்காமலே. இதில் ஆபத்து உண்டு, ஆனால் செய்தி தொலையக்கூடாது என்று தெரிந்தே செய்த தேர்வு இது, யாரோ ஒளித்து வைத்த வாசல் அல்ல. 70-க்கும் மேற்பட்ட பாதுகாப்பு நிபுணர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் கவலை, இதைப் படித்துப் பயந்தவர்கள் வாட்ஸப்பை விட்டுப் பாதுகாப்பே இல்லாத எஸ்எம்எஸ்ஸுக்குப் போவார்களே என்பது. அந்த ஆண்டு ஜூனில் வாசகர் புகார்களை விசாரிக்கும், அந்தப் பத்திரிகையின் வாசகர் ஆசிரியரே பரிசீலித்து, செய்தியில் குறை இருந்ததாக எழுதினார். ஐந்து மாதம்! அதற்குள் யார் எதை நீக்கினார்களோ.

ஆகவே, "ஓட்டை", "பின்வாசல்", "வடிவமைப்புத் தேர்வு" மூன்றையும் ஒன்றாக்காதீர்கள். வாட்ஸப்பில் ஒருவரின் தொடர்பு விவரப் பக்கத்தில் மறையாக்கம் என்ற இடத்தைத் தொட்டால் 60 இலக்க எண் ஒன்று வரும். எதிரில் இருப்பவர் போனிலும் அதே எண் இருக்கிறதா என்று ஒருமுறை நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள், இந்த விஷயம் பாதி புரிந்துவிடும்.

கேள்வி: மறையாக்கத்தால் திறக்க முடியாத போன்கள் இத்தனை என்று போலீஸ் சொல்லும் எண்ணிக்கைகளை நம்பலாமா?

எண்ணியவர் யார் என்று பாருங்கள். திறக்க முடியாத போன்கள் ஓராண்டில் சுமார் 7,800 என்று எஃப்பிஐ சொல்லிவந்தது. 2018 மே மாதத்தில், கணக்கு தவறு, ஒரே போன் பலமுறை எண்ணப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது. அதற்குள் அந்த எண் எத்தனையோ செய்திகளில் போய்விட்டது.

கேள்வி: வாட்ஸப் அரட்டைகளின் பேக்கப் (சேமித்து வைக்கும் நகல்) பாதுகாப்பானதா?

அமைப்புகளில் போய் அதற்கான மறையாக்கத்தை நீங்களே இயக்கினால் ஆம். இல்லாவிட்டால் அரட்டைக்கு இருக்கும் பூட்டு அதற்கு இல்லை.

இளம் செய்தியாளர்: அண்ணா, எனக்குத் தகவல் தருபவர் சிக்னல் என்ற மறையாக்கச் செயலியில்தான் பேசுவார். "சிக்னலில் தெரிவித்தார்" என்று எழுதலாமா? ஸ்கிரீன்ஷாட் போடலாமா?

இரண்டும் வேண்டாம். அவர் அலுவலகத்தில் சிக்னல் வைத்திருப்பவர் நான்கு பேர் என்றால் உங்கள் ஒரு வரி தேடலை நான்கு பேருக்குள் கொண்டுவந்துவிடும். ஸ்கிரீன்ஷாட்டில் நேரம் இருக்கும், அவர் எழுதும் பாணி இருக்கும், அவருக்கு மட்டும் வழக்கமான எழுத்துப்பிழை இருக்கும். சொன்ன விஷயத்தை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் இப்போதே எடுத்துவிட்டு, அவரிடம் சொல்லிவிடுங்கள்.