மாரத்தான் பயிற்சியில் இருப்பவர் சப்ளிமென்ட் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறீர்கள், பல வாரங்களாக ஓடி முடிக்கும் நேரம் குறையவில்லை, எப்போதும் களைப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பயிற்சியாளர் இரும்பு மாத்திரை, வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா அலனைன் என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். இவற்றால் ஓட்டம் முன்னேறுமா, உடம்பு கெடுமா என்பது உங்கள் கேள்வி. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் உண்டு. ஆனால், 'எப்போதும் களைப்பு' என்ற இடத்தில்தான் என் கண் நின்றது. அதே களைப்போடு போய், ஏறக்குறைய இதே பட்டியலை வாங்கி வந்தவள் நான். நான் மருத்துவரும் அல்ல, உணவியல் படித்தவளும் அல்ல. பொடி விற்பவர்கள் மீது உனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கக் காத்திருப்பவர்கள், தயவுசெய்து முழுவதையும் படித்துவிட்டுக் கேளுங்கள்; போட்டியன்று காபின் எடுத்துக்கொண்டு ஓடுகிறவள்தான் நானும்.

நீள்தொலைவு ஓட்டத்தில் முன்னேற்றம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். தொடர்ந்த பயிற்சியால் இதயத்தின் இடது கீழறை விரிந்து ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான ரத்தத்தை வெளியேற்றுகிறது. தசை இழைகளைச் சுற்றி நுண்ணிய ரத்தக் குழாய்களான தந்துகிகள் பெருகுகின்றன. தசைச் செல்களுக்குள், ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா கூடுகிறது. ஜான் ஹாலோசி 1967இல் எலிகளை வாரக்கணக்கில் ஓடவைத்து, அவற்றின் தசை ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் ஏறத்தாழ இரண்டு மடங்கானதைக் காட்டினார். அந்த எலிகளுக்குப் பயிற்சியாளர் யாரும் பட்டியல் எழுதிக் கொடுக்கவில்லை. ஓட்டம் தூண்டிவிடுகிறது, கட்டி முடிக்கும் வேலை ஓய்வு நேரத்தில், உண்ட உணவைக் கொண்டு நடக்கிறது. அந்த உணவு போதாமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் என் உடம்பிலேயே பார்த்தேன்.

எனக்கு அப்போது பயிற்சி அளித்தவர், எடை குறைந்தால் வேகம் கூடும் என்பதை வேதவாக்காகக் கொண்டவர். காலையில் வெறும் வயிற்றில் நீண்ட ஓட்டம், இரவு உணவுக்குப் பதிலாக ஒரு கோப்பை புரதப் பொடிக் கரைசல் என்பது அவர் வகுத்த முறை. சில மாதங்களில் மேடு ஏறும்போதெல்லாம் கால் கனத்தது, உறக்கம் கெட்டது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் இயல்பைவிடச் சற்றுக் குறைவாக வந்ததைப் பார்த்தவுடன், இரும்பு மாத்திரையை இரண்டாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். உடம்பில் சேமிப்பாக உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்த்துவிட்டு எடுக்கிறேன் என்றேன். 'ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டு யாரும் பதக்கம் வாங்கியதில்லை' என்று குழுவினர் அனைவர் முன்னிலையிலும் சொன்னார். அந்தப் பொடிகளையும் மாத்திரைகளையும் அவரிடமிருந்தே வாங்க வேண்டும் என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

ஃபெரிட்டின் நல்ல நிலையிலேயே இருந்தது. மருத்துவர் விளக்கியபோதுதான் புரிந்தது: நீள்தொலைவுப் பயிற்சியில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகுகிறது, மொத்த ஹீமோகுளோபின் குறையாமலேயே அதன் அடர்த்தி மட்டும் குறைந்ததுபோல் அறிக்கையில் தெரியும். பிறகு அவர், பயிற்சியாளர் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வியைக் கேட்டார்: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? நின்று சில மாதங்கள் ஆகியிருந்தன. எங்கள் குழுவில் அது கடுமையாகப் பயிற்சி செய்வதற்கான அடையாளமாகவே பேசப்பட்டது. ஓட்டத்துக்குச் செலவானது போக மிஞ்சும் ஆற்றல் போதாதபோது, உடம்பு இனப்பெருக்கம், எலும்பு வளர்ச்சி, நோய் எதிர்ப்பு ஆகியவற்றுக்கான செலவைக் குறைத்துக்கொள்கிறது. எலும்பு அடர்த்தி குறைந்து, திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் விரிசல் விடும் அழுத்த முறிவுகள் வருகின்றன. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்நிலைக்குத் தனிப் பெயரிட்டு, ஆண்களுக்கும் இது வரும் என்று அறிவித்தது. அவர்களிடம் மாதவிடாய் போன்ற வெளிப்படையான எச்சரிக்கை இல்லாததால், டெஸ்டோஸ்டிரோன் குறைவது வெகுநாள் தெரியாமலே போகலாம்.

எனக்குக் கிடைத்த மருந்துச் சீட்டில் மருந்தே இல்லை. ஓடுவதற்கு முன்னும் பின்னும் சாப்பிட வேண்டும், இரவு உணவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், வாரத்தில் ஒரு கடுமையான பயிற்சியை விட்டுவிட வேண்டும் என்பதோடு சரி. மாதவிடாய் திரும்பியது, அதன் பிறகே நேரமும் குறையத் தொடங்கியது. ஒருத்தியின் அனுபவம் ஆய்வாகாது என்று எழுத வருபவர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. உங்கள் களைப்பின் காரணமும் இதுவாகத்தான் இருக்கும் என்றும் நான் சொல்லவில்லை.

இரும்பு வீண் என்பதும் என் வாதம் அல்ல. ஓட்டக்காரர்களுக்கு, குறிப்பாக மாதவிடாய் உள்ள பெண்களுக்கு, உண்மையாகவே இரும்புக் குறைபாடு ஏற்படுவது உண்டு. அப்போது மாத்திரை பெரிதும் உதவும். கடுமையாக ஓடிய சில மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுப்பதால், எந்த நேரத்தில் விழுங்குகிறோம் என்பதுகூடக் கணக்கில் வரும். ஆனால், மிகுதியான இரும்பை வெளியேற்ற உடம்பில் தனி வழி கிடையாது. அது கல்லீரலிலும் இதயத்திலும் படியும். அளந்து பாராமல் இரும்பைக் கொடுப்பது ஆபத்து என்று சொல்வது அதனால்தான்.

வைட்டமின் சி, ஈ இரண்டிலும் எனக்கு இன்னும் ஐயம் அதிகம். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாள்தோறும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 அலகு வைட்டமின் ஈயும் எடுத்தபடி நான்கு வாரம் பயிற்சி செய்தவர்களுக்கு, இன்சுலினுக்கு உடம்பு நன்றாகச் செவிசாய்க்கும் தன்மையான இன்சுலின் உணர்திறனில், பயிற்சியால் கிடைக்க வேண்டிய முன்னேற்றம் கிடைக்கவில்லை. 2014இல் நார்வேயில் 54 பேரிடம் 11 வாரம் நடந்த ஆய்வில், மைட்டோகாண்ட்ரியா பெருக்கத்தைக் காட்டும் புரதம் மாத்திரை எடுத்தவர்களிடம் கூடவில்லை. ஆனால் உச்ச ஆக்சிஜன் உள்ளெடுப்பு, அதாவது கடும் முயற்சியில் உடம்பு அதிகபட்சமாகப் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவு, இரு பிரிவினருக்கும் ஒரேபோல் கூடியது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஓட்டத்தில் உண்டாகும் ஆக்சிஜனேற்ற அழுத்தமே தசைக்கு 'மாறு' என்று சொல்லும் சமிக்ஞைகளில் ஒன்று. வைட்டமின் சி, ஈ இரண்டும் அந்த அழுத்தத்தைத் தணிப்பவை; அதைப் பெரிய அளவு மாத்திரையால் அணைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பீட்டா அலனைன் என்ற அமினோ அமிலம் ஓரிரு நிமிடம் முதல் பத்து நிமிடம் வரையிலான கடும் முயற்சிகளுக்கு ஓரளவு உதவும். மாரத்தானுக்கு அதனால் பயன் சொற்பம். தோல் கூசுவது போன்ற உணர்வு வந்தால் அஞ்ச வேண்டாம், அது அதன் இயல்பு.

பட்டியலில் இல்லாத மூன்றுக்குத்தான் நல்ல சான்று இருக்கிறது. நீண்ட ஓட்டத்தின்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து. இரண்டரை மணி நேரத்தைத் தாண்டினால், குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்து, வயிற்றைப் பழக்கிக்கொண்டு, 90 கிராம் வரை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரை காபின், ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பாக. 2004 வரை இது அளவு மீறினால் தடை செய்யப்பட்ட பொருளாகவே இருந்தது. அடுத்தது பீட்ரூட் சாற்றில் உள்ள நைட்ரேட். தேர்ந்த வீரர்களிடம் அதன் பயன் குறைவு, நம்மைப் போன்றவர்களிடம் சற்று அதிகம். வாயில் வாழும் பாக்டீரியாதான் அதை நைட்ரைட்டாக மாற்றுவதால், கிருமிநாசினியால் வாய் கொப்பளித்துவிட்டுக் குடித்தால் பெரும்பகுதி வீண்.

டப்பாவின் மேல் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்பது வேறு கவலை. 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்டுகளை ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் சோதித்து 2004இல் வெளியிட்ட முடிவில், 94இல் லேபிளில் குறிப்பிடாத ஸ்டீராய்டு ஹார்மோன்கள் இருந்தன. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால், உடம்பில் இருந்ததற்கு ஓட்டக்காரரே பொறுப்பு. தெரியாமல் விழுங்கினேன் என்பது தண்டனையைக் குறைக்கலாமே தவிர, முடிவை மாற்றாது. போட்டிக்கு முந்தைய நாள் கொடுக்கும் பையில் இப்படிப்பட்ட பொடிப் பொட்டலங்களைத் தாராளமாக நிரப்பும் அமைப்பாளர்கள், பெண்களின் அளவில் ஒரு சட்டையை மட்டும் ஏன் வைக்க மாட்டேன் என்கிறார்கள் என்பதை யாராவது விளக்கினால் நன்றாயிருக்கும். அது கிடக்கட்டும்.

மாத்திரைகளைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, முதலில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரின் எந்த அளவுக்கு இரும்பால் நிரம்பியிருக்கிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். கடும் பயிற்சி ஃபெரிட்டினைச் சில நாள் உயர்த்திக் காட்டும் என்பதால், நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் போகாமல் ஓய்வு நாட்களுக்குப் பிறகு காலையில் ரத்தம் கொடுங்கள். ஏற்கெனவே எடுத்துவரும் எல்லாவற்றின் பெயரையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கூந்தலுக்கு என்று விற்கப்படும் பயோட்டின்கூடத் தைராய்டு முதலிய சில பரிசோதனைகளின் முடிவைப் பிறழச் செய்யும். ஒரு வாரம் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு ஓடினீர்கள் என்று எழுதிக்கொண்டு போனால் அவருக்கு வேலை எளிதாகும்.