குதிகால் தசைநாண் அறுவை சிகிச்சை: தாண்டும் காலை எப்படி மீட்பது?

கேள்வி: என்னிடம் நீளம் தாண்டுதல் பயிலும் 22 வயது மாணவிக்கு, தாண்ட எழும்பும் காலில் குதிகால் தசைநாண் (அகில்லீஸ்) முழுதாக அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் ஐந்து மாதத்தில் தகுதிப் போட்டி. சீக்கிரம் தேற என்ன செய்யலாம்? கெண்டைச்சதை இறுகிவிடாமல் இப்போதே நீட்டிவிடும் பயிற்சி தரலாமா?

பதில்: தயவுசெய்து நீட்டாதீர்கள். உங்கள் கடைசி வரியைப் படித்ததும் பதறித்தான் இதை முதலில் சொல்கிறேன்.

தையல் போட்ட இடத்தில் இப்போது இருப்பது முற்றாத இளந்திசு. உடல் அவசரத்துக்கு மூன்றாம் வகை கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைப் போட்டு இடைவெளியை அடைத்திருக்கிறது. இழைகள் மெலிசு, தாறுமாறாகக் கிடக்கும். உறுதியான முதல் வகை கொலாஜன் வரிசையாக அமைந்து அதன் இடத்தைப் பிடிக்க மாதக்கணக்காகும், நன்றாக முற்ற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். போதாக்குறைக்கு, பெரும்பாலும் அறுபடுகிற பகுதியான குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே ரத்த ஓட்டமும் குறைவு. அதைப் பிடித்து இழுத்தால், அறுந்துபோகாவிட்டாலும் நீண்டுவிடும். அப்படி நீண்டது தானாகப் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. தொய்ந்த கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் வாளி மேலே வராததுபோல, சதை முழுக்கச் சுருங்கினாலும் குதிகால் உயராது. அந்தப் பெண் நடப்பார், படியேறுவார், ஆனால் பலகையில் மிதித்து எழும்பும்போது உந்துவிசை வராது. கணுக்கால் இறுக்கம் பின்னாளில் மெல்லத் தளரும். ஆகவே முதல் மூன்று மாதமாவது நீட்டும் பயிற்சி கூடாது.

இதைக் கண்ணால் பார்த்தே கவனிக்க முடியும். பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில், காலில் மாட்டியிருக்கும் பாதுகாப்புக் காலணியான பூட்டைக் (boot) கழற்றும்போது, குப்புறப் படுத்து இரு முழங்கால்களையும் 90 பாகை மடக்கிப் பாதங்களைத் தளர விடச் சொல்லுங்கள். நல்ல காலின் விரல்கள் சற்று மேல்நோக்கி இருக்கும். அறுவை செய்த காலும் அதே அளவோ, தொடக்கத்தில் இன்னும் சற்றுக் கூடுதலாகவோ இருக்க வேண்டும். விரல்கள் நல்ல காலைவிடத் தாழ்ந்திருந்தால் தசைநாண் நீள்கிறது என்று சந்தேகித்து, அறுவை மருத்துவரிடம் அன்றே பேசுங்கள்.

விரைவுபடுத்த முடிந்ததும் நிறைய இருக்கிறது. ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டுக் காலை ஊன்றாமல் வைத்திருந்த பழைய வழக்கம் இன்று பெரிதும் மாறிவிட்டது. காயம் ஆறியிருந்தால் இரண்டு, மூன்று வாரத்திலேயே, குதிகாலுக்கு அடியில் ஆப்புத் திண்டுகள் வைத்த பூட்டோடு, ஊன்றுகோல் துணையில் எடை போட்டு நடக்கப் பல மருத்துவர்கள் அனுமதிக்கிறார்கள். அளவான சுமைதான் இழைகளை நேர்வரிசையில் அமைக்கிறது. திண்டுகளை மருத்துவர் சொல்லும் கணக்கில் ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும். வலி இல்லையே என்று இரண்டைச் சேர்த்து எடுத்துவிட வேண்டாம். பூட் போட்ட கால் உயர்ந்திருப்பதால், மறு காலின் செருப்பையும் அதே உயரத்துக்கு ஏற்றிக் கொடுங்கள். இல்லையென்றால் இடுப்பும் முதுகும் வலிக்கத் தொடங்கும்.

நல்ல காலின் கெண்டைச்சதையை இன்றே பளுவோடு பயிற்ற ஆரம்பியுங்கள். ஒரு காலுக்குத் தரும் பயிற்சி நரம்பு மண்டலத்தின் வழியே மறு காலின் பலமிழப்பையும் ஓரளவு குறைக்கிறது. தொடை, இடுப்பு, வயிற்றுத் தசைகளுக்கும் ஓய்வு தேவையில்லை.

சாப்பாட்டில் அடிக்கடி ஒரு தவறு நடக்கிறது. ஓடாமல் இருக்கிறோம், எடை கூடிவிடும் என்று பயந்து உணவைக் குறைத்துவிடுகிறார்கள். தசைநாண் கட்டப்படும் காலம் இது. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம், அதாவது 55 கிலோ எடை என்றால் 90 கிராம் அளவுக்கு, நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த தட்டணுச் செறிவைச் செலுத்தும் பிஆர்பி ஊசிக்காகப் பணத்தைச் செலவிட வேண்டாம். அறுவை இல்லாமல் சிகிச்சை பெற்ற 230 பேரிடம் நடந்து 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் அதற்குப் பலன் தெரியவில்லை. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகள் தசைநாணைப் பலவீனப்படுத்தலாம். சளி, காய்ச்சல் என்று எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த அறுவையைச் சொல்லச் சொல்லுங்கள்.

கெண்டைக்காலில் திடீர் வீக்கம், சூடு, வலி வந்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். மீண்டும் அறுபடுவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில், பூட்டைக் கழற்றிய நாட்களில், ஈரத் தரையிலோ படியிலோ வழுக்கும் ஒரு நொடியில் நடக்கிறது. குளிக்கும்போது உட்கார நாற்காலி போட்டுக் கொடுங்கள்.

இனி போட்டி. ஐந்து மாதத்தில் வேண்டாம். மெல்லோட்டம் சுமார் நான்கு மாதத்துக்குப் பின், தாண்டுதல் அதற்கும் பின், போட்டி 9 முதல் 12 மாதத்தில் என்று திட்டமிடுங்கள். கூடைப்பந்து வீரர் கெவின் டுரான்ட் 2019 ஜூனில் இதே காயம் பட்டு, 2020 டிசம்பரில்தான் களமிறங்கினார். 2021 ஜூனில் ஒரு பிளே-ஆஃப் ஆட்டத்தில் 49 புள்ளிகள் எடுத்தார்.

நாட்காட்டியைவிட நான் நம்புவது சுவரில் போடும் பென்சில் கோட்டைத்தான். என்னிடம் வந்த ஒரு ஓட்டக்காரர் ஏழாம் மாதத்தில் ஒற்றைக் காலில் நின்று, குதிகாலை உயர்த்தி 25 முறை எம்பிக் காட்டி, "சார், நான் ரெடி" என்றார். சுவரோரம் நிற்கவைத்து, நல்ல காலின் குதிகால் எட்டிய உயரத்தில் கோடு போட்டேன். மறு குதிகால் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழேயே நின்றது. அவர் முகம் வாடிப்போனது இன்னும் நினைவிருக்கிறது. நான்கு மாதம் பளு ஏற்றி உழைத்தபின், கோட்டுக்கு அரை விரற்கடை கீழே வரை வந்தார். ஒற்றைக் காலில் எம்ப மருத்துவர் அனுமதிக்கும் நாளில் உங்கள் மாணவிக்கும் அப்படி ஒரு கோடு போட்டு, வாரத்துக்கொரு முறை தேதியோடு குறித்து வையுங்கள்.