ஆறாவது ஃபவுலுக்குத் தடுப்புச் சுவர் ஏன் கிடையாது?

விளையாட்டு: வாசகர் கேள்வி – பதில்

சிறுவர், சிறுமியருக்கான உள்ளரங்கக் கால்பந்து லீக் ஆட்டங்களின் விதிகளைப் பற்றிப் பெற்றோரும் பயிற்சியாளர்களும் கேட்டிருந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: பதினொரு வயதான என் மகன் குளிர்காலத்தில் ஓர் உள்ளரங்க லீக்கில் விளையாடுகிறான். அங்கே பந்து சுவரில் மோதித் திரும்பினாலும் ஆட்டம் தொடர்கிறது. அவனுடைய பள்ளியில் நடக்கும் ஃபுட்சால் ஆட்டத்திலோ பந்து கோட்டைத் தாண்டியதும் ஆட்டம் நின்றுவிடுகிறது. எது சரியான விதி?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: இரண்டுமே சரி. உங்கள் மகன் ஆடுவது இரண்டு வெவ்வேறு ஆட்டங்கள்.

அணிக்கு ஐவர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்தான ஃபுட்சால் தென் அமெரிக்காவில் பிறந்தது. உருகுவேயின் தலைநகரான மான்டிவிடியோவில், ஒய்.எம்.சி.ஏ. சிறுவர்களுக்காக 1930இல் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் இதை வகுத்தார். கூடைப்பந்திலிருந்து அணிக்கு ஐந்து பேர் என்ற எண்ணிக்கையையும், பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பாலிலிருந்து களத்தின் அமைப்பையும், வாட்டர் போலோவிலிருந்து கோல்கீப்பருக்கான சில விதிகளையும் எடுத்துக்கொண்டு அவர் அமைத்த ஆட்டம் இன்று சர்வதேசக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதிப்புத்தகத்தின்படி ஆடப்படுகிறது. இதில் சுவர் கிடையாது. பக்கக் கோட்டைப் பந்து தாண்டினால், பந்தைக் கோட்டின்மேல் அசையாமல் வைத்து, நான்கு வினாடிக்குள் காலால் உதைத்து உள்ளே அனுப்ப வேண்டும். அந்த உதையிலிருந்து நேரடியாகக் கோல் அடிக்க முடியாது.

சுவருள்ள ஆட்டம் வட அமெரிக்காவுக்கு உரியது. ஐஸ் ஹாக்கி அரங்கின் பனித்தளத்தின்மேல் செயற்கைப் புல்லை விரித்து, சுற்றியிருந்த பலகைகளை அப்படியே விட்டுவிட்டு ஆடத் தொடங்கியதில் உருவான வடிவம் இது. 1978இல் தொடங்கிய மேஜர் இண்டோர் சாக்கர் லீக், கோல்கீப்பரையும் சேர்த்து அணிக்கு ஆறு பேர், பதினைந்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள் என்ற அமைப்பில் இதைப் பரவலாக்கியது. சிறுவர் லீக்குகள் பெரும்பாலும் இதைச் சுருக்கி, கடிகாரத்தை நிறுத்தாமல் இரண்டு பாதிகளாக நடத்துகின்றன. நீண்ட உயர உதைகளைத் தடுப்பதற்காக, களத்தின் குறுக்கே வரைந்த மூன்று கோடுகளையும் பந்து யாரையும், எதையும் தொடாமல் அந்தரத்திலேயே கடந்தால் எதிரணிக்கு ஃப்ரீ கிக் தரும் விதியும் இங்கு உண்டு. ஃபுட்சாலில் அவ்வாறான விதி இல்லை. ஆகவே பணம் கட்டிப் பெயர் பதியும் முன், சுவருள்ள ஆட்டமா, கோடுள்ள ஆட்டமா என்று லீக்கை நடத்துபவரிடம் கேட்டுவிடுவது நல்லது. “இண்டோர் சாக்கர்” என்ற ஒரே பெயரில்தான் இரண்டையும் விளம்பரப்படுத்துகிறார்கள்.

கேள்வி: பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஃபுட்சால் ஆட்டத்தில் எங்கள் பையன் ஒருவன் களத்தின் நடுவே எதிரணிச் சிறுவனை லேசாகத் தள்ளினான். அதற்கு நடுவர் பத்து மீட்டர் தொலைவிலிருந்து, எங்கள் வீரர்கள் பந்துக்கு முன்னால் வரிசையாக நின்று தடுப்புச் சுவர் அமைக்கக்கூட அனுமதிக்காமல், ஃப்ரீ கிக் கொடுத்தார். அதில் கோல் விழுந்து தோற்றோம். நடுக்களத்தில் செய்த சிறு தவறுக்கு இத்தனை பெரிய தண்டனையா?
– ஒரு பயிற்சியாளர், கோயம்புத்தூர்

பதில்: அது உங்கள் அணி அந்தப் பாதியில் செய்த ஆறாவது ஃபவுலாக இருந்திருக்கும். அப்படியானால் நடுவர் செய்தது சரி.

ஃபுட்சாலில் ஓர் அணி ஒரு பாதியில் செய்யும் ஃபவுல்களில், நேரடி ஃப்ரீ கிக்குக்கோ (உதைத்தவரே நேராகக் கோல் அடிக்கக்கூடியது) பெனால்டிக்கோ உரியவை அனைத்தும் அணியின் கணக்கில் கூட்டப்படுகின்றன. ஐந்து பேர் ஆளுக்கொன்று செய்தாலும், ஒருவனே ஐந்தையும் செய்தாலும் கணக்கு ஐந்துதான். ஐந்து முடியும்வரை எதிரணியின் ஃப்ரீ கிக்குக்கு முன்னால் ஐந்து மீட்டர் தள்ளிச் சுவர்போல் நிற்கலாம். ஆறாவதிலிருந்து அந்த உரிமை போய்விடுகிறது. உதைப்பவரும் கோல்கீப்பரும் தவிர மற்ற அனைவரும் பந்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஃபவுல் எங்கோ தொலைவில் நடந்திருந்தாலும், கோலிலிருந்து பத்து மீட்டரில் உள்ள இரண்டாம் பெனால்டிப் புள்ளியிலிருந்து உதைக்கிறார்கள். அதைவிடக் கோலுக்கு அருகில், ஆனால் பெனால்டிப் பகுதிக்கு வெளியே நடந்திருந்தால், அந்தப் புள்ளியிலிருந்து உதைப்பதா, ஃபவுல் நடந்த இடத்திலிருந்தே உதைப்பதா என்று உதைக்கும் அணி தேர்ந்துகொள்ளலாம். இடைவேளைக்குப் பிறகு கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கூடுதல் நேரம் ஆடப்பட்டால் இரண்டாம் பாதியின் கணக்கே தொடரும்.

தண்டனை கடுமையாகத் தோன்றுவதற்கு, அதை வெளிமைதானக் கண்ணோடு பார்ப்பதுதான் காரணம். நூறு மீட்டர் நீளமுள்ள மைதானத்தின் நடுவே ஒருவனைத் தள்ளினால், எதிரணி இழப்பது பெரும்பாலும் சில வினாடிகளை மட்டுமே. அதிகபட்சம் 42 மீட்டர் நீளமுள்ள ஃபுட்சால் களத்தில் நடுக்கோட்டருகே பந்துடன் திரும்பும் எவரும் கோலை நோக்கித் தாக்குதலில் இருப்பவரே. அவரை அங்கே தள்ளுவது ஒரு கோல் வாய்ப்பைப் பறிப்பதற்குச் சமம். அத்துடன், ஆட்டம் நிற்காமலேயே எத்தனை முறை வேண்டுமானாலும் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், தள்ளியவனை உடனே வெளியே அழைத்து ஓய்வு கொடுத்துவிட்டு, அடுத்தவனைத் தள்ளுவதற்கு அனுப்ப முடியும். இந்தத் தந்திரத்தைத் தடுப்பதற்காகத்தான் விலை தனி ஆளிடமிருந்து பெறப்படாமல் அணியிடமிருந்து பெறப்படுகிறது.

தகராறு பெரும்பாலும் இன்னோரிடத்தில் எழுகிறது. ஃபவுல் செய்யப்பட்ட அணிக்கே பந்து சாதகமாகப் போனால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தாமல் விட்டுவிடுவார். ஆனால் அந்த ஃபவுலும் கணக்கில் சேரும். விசில் ஊதாததால் பயிற்சியாளர் நான்கு என்று எண்ணிக்கொண்டிருக்க, நேரக் கணக்காளரின் மேசையில் ஐந்து என்று பதிவாகியிருக்கும். ஐந்தாவது ஃபவுலைக் காட்டும் அடையாளம் மேசையின்மேல் வைக்கப்படும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது பயிற்சியாளரின் வேலை. அடையாளம் வந்ததும், முதுகுப் பக்கத்திலிருந்து காலை நீட்டாமல் ஒரு கை தூரம் விலகி நின்று தடுக்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சிறுவர் ஆட்டத்தில் இவ்விதியைத் தளர்த்த வேண்டும் என்று கேட்கும் பயிற்சியாளர்கள் பலர் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கையால் தள்ளிப் பந்தைப் பறிக்கும் பழக்கம் படியும் வயதும் அதுவே.

கேள்வி: எங்கள் கோல்கீப்பர் பந்தைச் சக வீரருக்குக் கொடுத்துவிட்டு, உடனே திரும்ப வாங்கினார். பந்தைக் கையால் தொடவே இல்லை. ஆனாலும் நடுவர் ஃபவுல் என்றார். ஏன்?
– ஒரு மாணவர், சிங்கப்பூர்

பதில்: வெளிமைதானத்தில் கோல்கீப்பருக்குத் தடை கைக்கு மட்டும்தான், ஃபுட்சாலில் காலுக்கும் உண்டு. கோல்கீப்பர் ஒருமுறை பந்தை ஆடிவிட்டால், எதிரணியினர் ஒருவர் அதைத் தொடும்வரை, தம் பாதிக் களத்துக்குள் சக வீரர் வேண்டுமென்றே உதைத்துத் தரும் பந்தை மீண்டும் தொடக் கூடாது. தம் பாதியில் பந்தைக் கையிலோ காலிலோ நான்கு வினாடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. இரண்டுக்கும் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் உண்டு; அதிலிருந்து நேராகக் கோல் அடிக்க முடியாது. இவை இல்லாவிட்டால், ஒரு கோல் முன்னிலை பெற்ற அணி கோல்கீப்பரோடு பந்தை மாற்றி மாற்றி ஆடியே நேரத்தைக் கடத்திவிடும். ஆனால் கோல்கீப்பர் நடுக்கோட்டைத் தாண்டி எதிரணியின் பாதிக்குள் சென்றுவிட்டால் இவ்விரு கட்டுப்பாடுகளும் அவருக்கு இல்லை. தோற்றுக்கொண்டிருக்கும் அணிகள் கடைசி நிமிடங்களில் கோல்கீப்பரை முன்னே அனுப்பி ஐந்து பேராகத் தாக்குவது இந்த வசதியை நம்பித்தான்.

கேள்வி: சறுக்கிச் சென்று பந்தைத் தட்டுவதும் தலையால் முட்டுவதும் சிறுவர் லீக்கில் தடை செய்யப்பட்டவையா?
– ஒரு வாசகர், டாலஸ்

பதில்: சறுக்குவது பற்றி ஃபிஃபாவின் ஃபுட்சால் விதிகளில் பொதுவான தடை இப்போது இல்லை, கவனக்குறைவாகவோ முரட்டுத்தனமாகவோ எதிராளி மீது மோதினால்தான் ஃபவுல். ஆனால் அமெரிக்காவின் சிறுவர் உள்ளரங்க லீக்குகளில் பெரும்பாலானவை, தம் பகுதிக்குள் இருக்கும் கோல்கீப்பரைத் தவிர வேறு எவரும் சறுக்கக் கூடாது என்று தனியே விதித்திருக்கின்றன. கடினமான தரையும் சுவரும் உள்ள இடத்தில் இது வேண்டிய விதிதான்.

தலையால் முட்டுவது வேறு விஷயம். தலையில் ஏற்படும் அதிர்ச்சிக் காயங்கள் தொடர்பாக 2014இல் தொடுக்கப்பட்ட வழக்கு ஒன்று சமரசத்தில் முடிந்ததை அடுத்து, அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015 நவம்பரில் புதிய கட்டுப்பாடுகளை அறிவித்தது. பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பயிற்சியிலும் ஆட்டத்திலும் பந்தைத் தலையால் முட்டக் கூடாது. 11 முதல் 13 வயது வரையுள்ளவர்களுக்குப் பயிற்சியில் வரம்பு உண்டு. தடையுள்ள வயதுப் பிரிவில் ஒரு குழந்தை வேண்டுமென்றே முட்டினால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் கிடைக்கும். தற்செயலாகப் பந்து தலையில் பட்டால் தவறில்லை.

கேள்வி: பந்து கூரையில் பட்டால்?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: ஃபுட்சாலில் ஆட்டம் நிறுத்தப்பட்டு, கடைசியாகப் பந்தைத் தொட்ட அணிக்கு எதிரணி, பட்ட இடத்துக்கு மிக அருகிலுள்ள பக்கக் கோட்டிலிருந்து பந்தை உதைத்து உள்ளே அனுப்பும்.

கேள்வி: சிவப்பு அட்டை வாங்கிய சிறுவனின் அணி இரண்டு நிமிடத்தில் மீண்டும் ஐந்து பேராகிவிட்டது. என் மகள் ஆடும் சுவருள்ள லீக்கிலோ, நீல அட்டை வாங்கிய சிறுமி தானே திரும்பி வந்தாள். இவை எப்படி?
– ஒரு தந்தை, சிகாகோ

பதில்: ஃபுட்சாலில் சிவப்பு அட்டை பெற்றவர் அந்த ஆட்டத்துக்குத் திரும்பவே முடியாது, ஆனால் இரண்டு நிமிடம் கழிந்ததும் அவருக்குப் பதிலாக வேறொருவர் இறங்கலாம். ஐவர் நால்வரை எதிர்த்து ஆடும்போது, ஐவர் அணி இடையில் கோல் அடித்துவிட்டால், நால்வர் அணி இரண்டு நிமிடம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சுவருள்ள ஆட்டத்தின் நீல அட்டை ஐஸ் ஹாக்கியிலிருந்து வந்த வழக்கம்: தவறு செய்தவர் இரண்டு நிமிடம் தண்டனைப் பெட்டியில் அமர்ந்துவிட்டுத் தாமே களமிறங்கலாம். சிறுவர்களுக்கு நீல அட்டை முறையே பொருத்தமானது என்று நினைக்கிறேன். கோபம் தணியச் சிறிது நேரம் கிடைக்கிறது, ஆட்டமும் பறிபோவதில்லை.

கேள்வி: பந்து, காலணி பற்றிச் சொல்லுங்கள். பிள்ளைகள் எல்லோருக்கும் சமமான ஆட்ட நேரம் தர வேண்டும் என்று விதி இருக்கிறதா?
– ஒரு வாசகி, டொராண்டோ

பதில்: ஃபுட்சால் பந்தின் சுற்றளவு 62 முதல் 64 சென்டிமீட்டர், இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 50 முதல் 65 சென்டிமீட்டர் வரையே எழும்ப வேண்டும். சிறிய குழந்தைகளுக்கு இதைவிடச் சிறிய பந்தைத் தருவார்கள். காலணியின் அடிப்பகுதி தட்டையாகவும் தரையில் கறை பதியாததாகவும் இருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே அணியும் காப்பு கட்டாயம். கம்மல், சங்கிலி, வளையல் எதுவும் கூடாது. அவற்றைத் துணியாலோ டேப்பாலோ மூடிக்கொண்டு ஆடவும் அனுமதியில்லை.

சமமான ஆட்ட நேரம் ஃபிஃபாவின் விதிப்புத்தகத்தில் இல்லை. எனினும் சிறுவர் ஆட்டங்களுக்காகக் களத்தின் அளவு, பந்து, கோலின் அளவு, ஆட்ட நேரம் போன்றவற்றை மாற்றிக்கொள்ளும் உரிமையை அப்புத்தகமே தேசியச் சங்கங்களுக்கு அளிக்கிறது. லீக்குகளும் தமக்கெனத் தனி விதிகளை எழுதிக்கொள்கின்றன. ஒவ்வொரு குழந்தையும் குறைந்தது பாதி நேரம் ஆட வேண்டும் என்ற விதி உங்கள் லீக்கில் இருந்தால், அது பருவத் தொடக்கத்தில் பெற்றோருக்குத் தரும் தாளில் எழுதப்பட்டிருக்கும். எழுதப்படவில்லையென்றால் அதை முடிவு செய்பவர் பயிற்சியாளரே. நடுவரிடம் முறையிட்டுப் பயனில்லை.