வேலைக்கும் வீட்டுக்கும் ஓடுகிற வாழ்க்கையில் பக்தியை எப்படி வளர்த்துக்கொள்வது?

"காலையில் விளக்கேற்றவே நேரம் போதவில்லை. ஏற்றினாலும் மனம் ஒன்றவில்லை. என்னதான் செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் பல வருடம் இதே குறை இருந்தது. அதனால் எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

நான் திருவள்ளூரிலிருந்து அம்பத்தூருக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவள். விடியற்காலை எழுந்து பூஜை, தினம் ஒரு பதிகம், மாலையில் தியானம் என்றெல்லாம் ஒரு மார்கழியில் பட்டியல் போட்டேன். தை பிறப்பதற்குள் எல்லாம் நின்றுபோனது. நின்றதைவிட, "நமக்கு பக்தியே இல்லை போல" என்ற குற்ற உணர்ச்சிதான் அதிகம் படுத்தியது.

லேடீஸ் பெட்டியில் தினமும் எதிரில் உட்காரும் ஒரு அக்கா வீட்டுச் சாமி படங்களுக்குப் பூ கட்டிக்கொண்டே வருவார். ஒருநாள் பாதிப் பூவை என் மடியில் கொட்டி, "சும்மாதானே வர்றே, கட்டு" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது ஸ்டேஷன் வாசலில் நூறு கிராம் மல்லி மொட்டு வாங்கிக்கொள்வேன், பையில் ஒரு நூல்கண்டு. இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நூலைச் சுற்றி ஒரு முடிச்சு. காலையில் கட்டியது சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்குச் சரியாக விரிந்திருக்கும். மார்கழியில் மல்லி விலை கையைக் கடிக்கும். அப்போது வீட்டு வாசலில் பூக்கும் நந்தியாவட்டைதான்.

இதில் பக்தி எங்கே என்று கேட்கலாம். முதல் ஆறு மாதம் எனக்கும் தெரியவில்லை. அலுவலகக் கணக்கு, மகளின் ஸ்கூல் ஃபீஸ் என்று மனம் அதன் பாட்டுக்குச் சுற்றும். ஆனால் முடிச்சை இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர்த்தினால் பூ உதிர்ந்துவிடும். அந்த ஒரு நொடியாவது மனம் கைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். ஒரு முழத்துக்குள் எத்தனை முடிச்சு இருக்கிறதோ, அத்தனை முறை திரும்பி வரும். உட்கார்ந்து கண்ணை மூடிய காலத்தில் எனக்கு அது நடந்ததே இல்லை.

அறுபத்துமூன்று சிவனடியார்களின் கதை சொல்லும் பெரியபுராணத்தில் முருக நாயனார் என்று ஒருவர் வருகிறார், திருப்புகலூர்க்காரர். விடியுமுன் எழுந்து மரக்கிளையில் பூக்கும் கோட்டுப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ என்று நான்கு வகையும் பறித்து வந்து, வகை வகையாகத் தொடுத்து ஈசனுக்குச் சாத்துவார். தினமும் இதையே செய்தவருக்கு அறுபத்துமூவரில் ஓர் இடம். பூ கட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் அவர் எனக்கு நெருக்கமானார்.

நடுவில் ஒரு திமிரும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் சாமிக்கு எடுத்து வைத்திருந்த சரத்தை என் மகள் எடுத்து மோந்து பார்த்துவிட்டாள். கண்டபடி திட்டிவிட்டேன். திருவாரூரில் கீழே கிடந்த பூவை எடுத்து மோந்த பல்லவ அரசியின் மூக்கைச் செருத்துணை நாயனார் அரிந்த கதையைக்கூட அவளிடம் சொன்னேன். உண்மையில் எனக்கே பிடிக்காத கதை அது. என் மாமியார் உள்ளேயிருந்து, "ஏம்மா, வண்டு மோந்து பாத்துட்டுதானே நமக்கே குடுக்குது? புள்ளைய எதுக்கு அழ வைக்கிற?" என்றார். "இல்ல அத்தை..." என்று இழுத்தேன், மேலே பேச எதுவும் கிடைக்கவில்லை. அன்றைய சரத்தை மகள் தலையிலேயே வைத்துவிட்டேன். சாமி படத்துக்கு அன்று வெறும் விளக்குதான்.

இன்னொன்று. மாதத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டில் சாமி பூவைத் தொடும் வழக்கமில்லை. அது சரியா தவறா என்பது தனி விவாதம்; அத்தை மனம் கோணக் கூடாது என்று நானும் தொடுவதில்லை. முதலில் அந்த நாட்களில் கை சும்மா இருக்க, ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவேன். வேப்பம்பட்டு தாண்டினால் திருநின்றவூர். பெரியபுராணத்தில் வரும் பூசலார் நாயனாரின் ஊர்!

பூசலார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை, தேடியும் கிடைக்கவில்லை. சரி என்று மனத்துக்குள்ளேயே கட்டினார். காஞ்சியில் கற்கோயில் எடுத்த பல்லவ மன்னனின் கனவில் ஈசன் வந்து, "அந்த நாளில் நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் கும்பாபிஷேகத்தை வேறு நாளில் வைத்துக்கொள்" என்றாராம். எல்லோரும் அந்தக் கனவைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய பகுதி. தச்சர்களைத் தேடுகிறார், நல்ல நாள் பார்க்கிறார், அடியிலிருந்து ஒவ்வொரு வரிசையாக எழுப்புகிறார், சிகரம் முடித்துச் சுதை பூசுகிறார், கிணறு, மதில், குளம் எல்லாம் அமைக்கிறார். மனத்தில்தானே கட்டுகிறோம், கிணற்றை விட்டுவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? அவர் விடவில்லை.

அதைப் படித்த பிறகு அந்த மூன்று நாளும் மனத்தில் பூ கட்டிப் பார்த்தேன். குறுக்குவழி கூடாது என்று இரண்டிரண்டு மொட்டாக எடுத்து முடிச்சுப் போட்டேன். நம்ப மாட்டீர்கள், ஒரு சாண்கூட வரவில்லை. நூல் காணாமல் போகும், எண்ணிக்கை மறக்கும், அதற்குள் திருமுல்லைவாயில் வந்துவிடும். தொண்டைமான் என்ற மன்னனின் யானைக் காலையே முல்லைக்கொடி சிக்கவைத்த ஊர் அது. என் கற்பனை முல்லையோ ஒரு முழம்கூடத் தேறவில்லை. ஒரு கோயிலை முழுதாகக் கட்டி முடித்தவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று அன்றுதான் புரிந்தது. இப்போது சில மாதங்களில் அரை முழம் வரை வருகிறது.

அதனால் நீங்கள் தனியாக நேரம் தேட வேண்டாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற நேரத்தில் கைக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள். அது சாமிக்கான வேலையாக இருக்கட்டும். வாசலில் கோலம், விளக்குத் திரி திரிப்பது, பக்கத்துக் கோயிலில் வாரம் ஒருநாள் கூட்டுவது, எது முடிகிறதோ அது. மனம் ஒன்றியதா என்று தினம் சோதிக்காதீர்கள். நட்ட விதையைத் தோண்டித் தோண்டிப் பார்த்தால் எப்படி முளைக்கும்?

ரயிலில் கட்டிய பூ சாமிக்கு ஆகுமா என்று சிலர் கேட்பார்கள். மடியில் சுத்தமான துண்டு விரித்துக் கட்டுகிறேன், எனக்கு அது போதும். பூக்காரம்மாவிடம் இலையில் சுற்றித் தரச் சொல்லுங்கள், பிளாஸ்டிக் பையில் பூ வேர்த்துக் கறுத்துவிடும். எங்கள் தடத்தில் வருகிறவராக இருந்தால் ஆவடிக்குள் கட்டி முடித்துவிடுங்கள். அதற்கு மேல் கூட்டத்தில் கையை அசைக்க முடியாது.