ஐந்து மாதக் குழந்தைக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை, ஆட்டுப்பாலோ பாதாம் பாலோ கொடுக்கலாமா?

இரண்டும் வேண்டாம். நான் மருத்துவர் இல்லை. ராத்திரி ராத்திரியாகப் பால் புட்டி பிடித்த ஒரு அப்பா, ஆட்டுப்பால் கொடுத்துப் பட்டவன்.

என் மகளுக்கு இரண்டரை மாதத்தில் மலத்தில் சளியும் ரத்தக் கோடும் வந்தன. மனைவிக்குத் தாய்ப்பால் நின்றுவிட்டது (ஏன் நின்றது என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், அவள் அதைப் போதுமான அளவு கேட்டுவிட்டாள்). அதனால் ஃபார்முலா, அதாவது கைக்குழந்தைகளுக்கென்றே செய்யும் பவுடர் பால். அதையும் பசும்பாலிலிருந்துதான் செய்கிறார்கள் என்பதே எனக்கு அப்போது உறைக்கவில்லை. யாரோ “ஆட்டுப்பால் லேசானது” என்றார்கள். மூன்று நாள் கொடுத்தேன். நாலாம் நாள் ரத்தம் கூடிவிட்டது. பசும்பால் புரதம் சேராத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் சேராதாம், இரண்டிலும் புரதம் ஏறக்குறைய ஒரே மாதிரி. ரத்தம் ஊறத் தேவையான ஃபோலேட் என்ற வைட்டமினும் அதில் குறைவு.

கடைசியில் புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்துச் செய்த ஃபார்முலாவை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். கசப்பு, ஒரு மாதிரி நாற்றம். முதல் இரண்டு நாள் துப்பித் தள்ளினாள், இரண்டு வாரத்தில் மலம் சரியானது. அதுவும் சேராவிட்டால் அமினோ அமில ஃபார்முலா இருக்கிறது, அதில் புரதமாக எதுவும் இருக்காது, அதன் அடிப்படைத் துண்டுகள் மட்டும்தான். ‘லாக்டோஸ் இல்லாதது’ என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதில் எடுத்தது பாலின் சர்க்கரையை மட்டும்தான், ஒவ்வாமை தரும் புரதம் அப்படியே இருக்கும்.

உங்கள் குழந்தைக்கு ஒவ்வாமையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு வயது வரை குடிக்கும் பால் என்றால் தாய்ப்பால், இல்லாவிட்டால் ஃபார்முலா, அவ்வளவுதான். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. புரதமும் உப்புகளும் தாய்ப்பாலைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு, சிறுநீரகம் பாவம். பாதாம் பாலில் புரதமும் கொழுப்பும் போதாது. ஃபார்முலாவைக் கொதித்து ஆறிய, ஆனால் 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கரைத்து, ஆறவைத்துக் கொடுங்கள். சிக்கனம் பார்த்துத் தண்ணீரைக் கூட்டினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புகூட வரும்.

“நாங்களெல்லாம் பசும்பாலில்தான் வளர்ந்தோம்” என்று ஒருவர் வருவார். சரி, வளர்ந்தீர்கள். வளராமல் போனவர்கள் இங்கே வந்து எழுத மாட்டார்கள்.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைக்கு ஒவ்வொரு முறை போகும்போதும் முதல் கேள்வி “அம்மா எங்கே?” அம்மா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை எத்தனை மில்லி குடித்தாள், எத்தனை தடவை மலம் போனாள், எதில் ரத்தம் இருந்தது என்பதெல்லாம் என் கையிலிருந்த நோட்டில் இருந்தது. மூன்றாவது தடவைதான் அதை வாங்கிப் பார்த்தார்கள். நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். ரத்தம் தெரிந்தால் நோட்டு நிறையும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்புங்கள்.