முதுகுப்பையில் தொங்கும் வார்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளிப் பையோ மலையேற்றப் பையோ, அதன் வார்களைப் பருத்த உடம்புக்காரருக்கும் கனத்த குளிராடைக்கும் எட்டும்படி நீளமாகவே வைத்துத் தைக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது மிச்சமாகத் தொங்குகிறது. அந்த மிச்சத்தை அடக்குவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

புதிதாக வாங்கிய 50 லிட்டர் மலையேற்றப் பையில் எல்லாப் பக்கமும் வார்கள் ஒரு முழத்துக்குத் தொங்குகின்றன. வெட்டாமல் அடக்க வழி உண்டா? (கோவை வாசகர்)

உண்டு. பெரும்பாலான பைகளுக்கு வெட்டவே தேவையில்லை. முதலில் வழக்கமாகக் கொண்டுசெல்லும் சுமையை முழுவதும் ஏற்றி, பையை முதுகில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வாரையும் உங்கள் உடம்புக்குப் பொருந்தும் அளவில் இறுக்கிக்கொள்ளுங்கள். காலிப் பையைச் சுவரில் மாட்டி வைத்துப் பார்த்தால் தெரியும் நீளத்தை மிச்சம் என்று எண்ணிவிடக் கூடாது. பிறகு வாரின் நுனியிலிருந்து தொடங்கிப் பாய் சுருட்டுவது போல இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே வந்து, பக்கிளுக்கு இரண்டு விரற்கடை முன்பாக நிறுத்தி, சுருளையும் அதன் பின்னால் ஓடும் வாரையும் சேர்த்து ஒரு சிறிய வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். சுருள் வெளிப்பக்கமாக இருக்கட்டும். உட்பக்கமாக இருந்தால் நடக்க நடக்க விலாவில் உறுத்தும்.

ஆனால் எல்லா வார்களையும் இப்படிச் சுருட்டிவிடுவது சரியன்று. தோள் வாரையும் இடுப்பு வாரையும் ஏற்றத்தில் ஒருமுறை, இறக்கத்தில் ஒருமுறை என்று நடக்கும்போதே தளர்த்தியும் இறுக்கியும் சுமையை மாற்றிக்கொள்கிறோம். அவற்றைச் சுருட்டிக் கட்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் அவிழ்க்க வேண்டியிருக்கும். சலிப்பில் அப்படியே விட்டுவிடுவோம், மாலையில் தோள் வலிக்கும். ஆகவே இந்த இரண்டுக்கும் எலாஸ்டிக் வளையமே பொருத்தம். 25 மில்லிமீட்டர் அகலமுள்ள வாருக்கு, 20 மில்லிமீட்டர் அகல எலாஸ்டிக்கில் 6 சென்டிமீட்டர் வெட்டி, முனைகளை ஒரு சென்டிமீட்டர் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றித் தைத்தால், இரண்டு மடிப்பு வாரையும் கவ்விப் பிடிக்கும். வாரைப் பக்கிளிலிருந்து உருவி, வளையத்தை அதில் கோத்து, மறுபடி பக்கிளில் மாட்டி, தொங்கும் நுனியை அதே வளையத்துக்குள் செருகிவிட வேண்டும். நுனி மடித்துத் தைக்கப்பட்டிருந்தால் வார் பக்கிளிலிருந்து வெளியே வராது. அதற்காகத் தையலைப் பிரிக்காமல், திறந்து மூடும் வெல்க்ரோ பட்டையை வளையமாகச் சுற்றிக்கொள்ளுங்கள். வார் அதனுள்ளே நகரும் அளவுக்குச் சற்றுத் தளர்வாக இருந்தால் போதும்.

ரப்பர் பேண்ட், இன்சுலேஷன் டேப் இவற்றில் ஒன்று போதாதா? (மதுரை வாசகர்)

அவசரத்துக்கு ஒரு நாள் போதும். நம் வெயிலில் ரப்பர் பேண்ட் விரைவில் வெடித்து அறுந்துவிடும். டேப்பின் பசை இளகி வாரில் ஒட்டிக்கொண்டு, பிறகு தூசியையெல்லாம் பிடித்துவைக்கும்.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். எவ்வளவு வெட்டலாம், நுனி பிரியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? (திருச்சி வாசகர்)

வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால் அளவெடுப்பதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். உங்களிடம் உள்ள மிகத் தடித்த ஆடையை, அது ஸ்வெட்டரோ மழைக்கோட்டோ, அணிந்துகொண்டு முழுச் சுமையோடு பையை மாட்டுங்கள். அந்த வாரை இதற்குமேல் தளர்த்தவே மாட்டேன் என்று சொல்லக்கூடிய நிலைக்குத் தளர்த்துங்கள். அங்கே பக்கிளுக்கு வெளியே கையால் பிடித்து இழுக்க 10 சென்டிமீட்டரும், நுனியை மடித்துத் தைக்க 5 சென்டிமீட்டரும் விட்டுச் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். உடனே கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம். கோட்டுக்கு அப்பால் உள்ளதைச் சுருட்டிக் கட்டிவிட்டு ஒரு பயணம் போய் வாருங்கள். சுருளை ஒருமுறைகூட அவிழ்க்க நேராவிட்டால் வெட்டலாம். வீட்டில் இருவர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் பையானால் வெட்டவே கூடாது என்பது என் கருத்து.

வெட்டுவதற்கு முன் வார் எதனால் ஆனது என்று பாருங்கள். ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, பையிலிருந்து தள்ளிவைத்து, இடுக்கியால் பிடித்துத் தீக்காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி இழை காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து சாம்பலாகும். நைலான், பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன் ஆகியவை சுருங்கி உருகிக் கடைசியில் கெட்டியான மணியாக நிற்கும். பருத்தி வாரைத் தீயால் மூட முடியாது. இரண்டு மடிப்பாக மடித்துத் தைப்பது ஒன்றே வழி. மற்றவற்றின் நுனியை உருக்கி மூடலாம். பாலிப்ரொப்பிலீன் ஏறத்தாழ 165 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். பாலியெஸ்டருக்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் மலிவான பைகளின் பளபளக்கும் பாலிப்ரொப்பிலீன் வாரை நெருப்பின் அருகே கொண்டுபோன மாத்திரத்தில் அது சொட்டத் தொடங்கும். எந்த வாரானாலும் சுடருக்குள் விடாமல் சுடரின் ஓரத்தில், காற்றோட்டமான இடத்தில் வைத்து, விளிம்பு முழுவதும் மினுங்கத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். உருகிய விளிம்பை விரலால் தடவினால் தோலோடு ஒட்டிக்கொண்டு கொப்புளம் கிளம்பும். எவர்சில்வர் கரண்டியின் பின்புறத்தால் அழுத்திச் சமப்படுத்துங்கள்.

உருக்கியதோடு நிறுத்திவிடாதீர்கள். நுனியை இரண்டு முறை மடித்து நைலான் நூலால் தைத்துவிட்டால், அந்தத் தடிப்பு பக்கிளில் முட்டி நிற்கும். சுமை இழுத்தாலும் வார் முழுவதும் உருவிக்கொண்டு போகாது. இந்தத் தடிப்பை மறந்துவிட்டு வாரை வெட்டியவர்களின் பைதான் பாதி வழியில் ஒரு தோளிலிருந்து கழன்று விழுகிறது. கை ஊசியால் தைக்கச் சிரமமாக இருந்தால் தெருமுனையில் செருப்பு தைப்பவரிடமோ பை பழுதுபார்க்கும் கடையிலோ கொடுங்கள். சில நிமிட வேலைதான். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பாறையேற்றத்துக்கும் உயரத்தில் வேலை செய்வதற்கும் இடுப்பில் அணியும் பாதுகாப்பு வார்களுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. அவற்றை வெட்டவோ உருக்கவோ தைக்கவோ கூடாது.

கல்லூரிக்குப் பைக்கின் பின்னிருக்கையில் போகிறேன். பையின் வார்கள் காற்றில் அடித்துக்கொள்கின்றன. இதில் ஆபத்து ஏதும் உண்டா? (சேலம் வாசகி)

உண்டு. மார்பு வாரின் நுனி முகத்தில் அடிப்பது தொல்லை; கீழே தொங்கும் இடுப்பு வாரும் தோள் வாரின் நுனியும் பின் சக்கரத்தில் சிக்குவதுதான் ஆபத்து. பின்னால் அமர்பவரின் ஆடை சக்கரத்தில் சிக்காதிருக்க, பின் சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. ஆனால் நாம் சேலைக் காப்பு என்று சொல்லும் அந்தக் கம்பி இடப்பக்கம்தான் இருக்கும். பல வண்டிகளில் அதையும் கழற்றிவிடுகிறார்கள். ஆகவே காப்பை நம்பாமல், ஏறுவதற்கு முன் இடுப்பு வாரின் இரு பாதிகளையும் பையின் வெளிப்புறமாகக் கொண்டுபோய்ப் பூட்டி இறுக்குங்கள். இருக்கை மட்டத்துக்குக் கீழே எந்த நுனியும் தொங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். துப்பட்டாவையும் பையின் தோள் வாருக்கு உள்ளே அடக்கிவிடுங்கள்.

விமானத்தில் செக்-இன் சரக்காகப் பையைப் போடும்போது வார்களை என்ன செய்வது? (சென்னை வாசகர்)

சரக்கு செல்லும் கன்வேயர் பெல்ட்டுகளின் இணைப்புகளிலும் உருளைகளிலும் தொங்கும் வார் சிக்கினால் வார் அறுந்துபோகலாம், பையும் அங்கேயே தங்கிவிடலாம். சில விமான நிலையங்களில் வார்கள் தொங்கும் பைகளைத் தனி கவுன்ட்டருக்கு அனுப்புவதும் இதனால்தான். பக்கவாட்டு வார்களை முழுவதும் இறுக்கி, இடுப்பு வாரைப் பையின் முன்புறமாகத் திருப்பிப் பூட்டி, நுனிகளைச் செருகுங்கள். பையை முழுவதுமாக உள்ளே விடக்கூடிய பெரிய துணிச் சாக்கு கிடைத்தால் அதுவே எல்லாவற்றிலும் நல்லது. மழையுறை முன்பக்கத்தை மட்டுமே மூடும். தோள் வார்கள் வெளியேதான் இருக்கும். பெயர்ச் சீட்டைத் தொங்கும் வாரில் கட்டாமல் மேலே உள்ள கைப்பிடியில் கட்டுங்கள்.

நான்காம் வகுப்புப் படிக்கும் மகளின் பையில் வார் தானாகவே தளர்ந்து முழங்கால் வரை தொங்குகிறது. வெட்டிவிடட்டுமா? (தஞ்சாவூர் வாசகி)

வெட்ட வேண்டாம். குழந்தை வளர்கிறாள், அடுத்த ஆண்டே அந்த நீளம் தேவைப்படும். வார் ஏன் வழுக்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பல நேரங்களில் துவைத்தபின் பக்கிளில் தலைகீழாகக் கோத்திருப்பார்கள். நுனி, பக்கிளின் நடுக் கம்பியின்மேல் மடங்கி வெளியே வர வேண்டும். இழுபடும் வார் அந்த நுனியை அழுத்திப் பிடிக்கும்படி அமைந்தால்தான் பிடிமானம் இருக்கும். சரியாகக் கோத்த பிறகும் வழுக்கினால் பக்கிளின் பற்கள் தேய்ந்திருக்கும். வாரின் அகலத்துக்குச் சரியான புதிய பக்கிளை மாற்றிவிடுங்கள். மிச்சத்தை எலாஸ்டிக் வளையத்தில் அடக்குங்கள். முடிச்சுப் போட்டுவிடாதீர்கள், பள்ளி வேனின் கதவிலோ இருக்கைக் கம்பியிலோ முடிச்சு மாட்டிக்கொண்டால் எளிதில் விடுபடாது. பையின் எடையையும் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். குழந்தையின் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் பை இருக்கக் கூடாது என்று மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை கூறுகிறது. அதைத் தாண்டிய சுமைதான் பல பைகளில் வாரை இழுத்துத் தளர்த்துகிறது.

இடுப்பு வாரை நான் பூட்டுவதே இல்லை. அதை மட்டும் அகற்றிவிடலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பல பைகளில் அது கழற்றக்கூடியதாகவே இருக்கும். முதுகுப் பஞ்சுக்குப் பின்னால் கைவிட்டுப் பாருங்கள், வெல்க்ரோவால் ஒட்டியிருந்தால் இழுத்து எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். தைத்திருந்தால் அந்தப் பஞ்சின் இடைவெளியில் இரு பாதிகளையும் மடித்துச் செருகலாம். நகரத்தில் மடிக்கணினி சுமக்க அது தேவையில்லை. பத்துக் கிலோவுக்கு மேல் சுமந்து மலையேறுவதானால் பூட்டிப் பழகுங்கள். சுமையின் பெரும்பகுதி தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். வேகமாக ஓடும் ஓடையைக் கடக்கும்போது மட்டும் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் திறந்துவிட வேண்டும். கால் வழுக்கினால் பையை உடனே உதற முடிய வேண்டும். அதனால் மிச்ச வாரைச் சுற்றும்போது பக்கிளின்மேல் எதையும் சுற்றாதீர்கள். ஒரு கையால், பார்க்காமலேயே, அதைத் திறக்க முடிகிறதா என்று வீட்டிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்.