கல்யாணப் பெண்ணுக்கு முத்து: எதை வாங்குவது, எங்கே போடுவது

மும்பை செம்பூரில் இருந்து ஒரு அம்மா கேட்கிறார்: "வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். மாட்டுங்காவில் மண்டபம். காலை முகூர்த்தத்துக்கு அரக்கு நிறக் கூறைப்புடவை, சாயங்காலம் ரிசப்ஷனுக்கு வெளிர் ரோஸ் பட்டு, வெள்ளி ஜரிகை. தங்கம் விற்கிற விலையில் இன்னொரு தங்க செட் வேண்டாம், முத்து வாங்கலாம் என்கிறாள் மகள். ஜவேரி பஜாரில் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் சரத்துக்கு ஒரு கடையில் 8,000 ரூபாய், பக்கத்துக் கடையில் 60,000 ரூபாய் சொல்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? என் மாமியாருடைய பழைய முத்துச்சரம் ஒன்றும் இருக்கிறது. பஸ்ரா முத்து என்பார். மஞ்சளடித்துக் கிடக்கிறது. அதைப் பிரித்துப் புது செட்டில் சேர்த்துவிடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரப்பட்டால் நஷ்டம். அந்தச் சரத்தை இப்போதைக்குப் பிரிக்காதீர்கள். வெளுக்க வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

பாரசீக வளைகுடாவில் மூச்சடக்கி மூழ்கி எடுத்த இயற்கை முத்தைத்தான் இங்கே பஸ்ரா முத்து என்கிறார்கள். ஒரு காலத்தில் அந்த முத்தில் பெரும்பகுதி பம்பாய்க்குத்தான் வந்து இறங்கியது. இங்கே தரம் பிரித்து, துளை போட்டு, பாரிஸ் வரை அனுப்பினார்கள். 1920-களில், சிப்பிக்குள் ஆளே மணி வைத்து வளர்க்கிற ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்தது, 1930-களில் உலகப் பொருளாதாரமே படுத்தது. இரண்டும் சேர்ந்து அந்த வியாபாரத்தை முடித்துவைத்தன. ஆகவே மும்பைக் குடும்பம் ஒன்றில் பஸ்ரா சரம் இருப்பதில் ஆச்சரியமில்லை. பழைய முத்து எதைப் பார்த்தாலும் பஸ்ரா என்று சொல்லிவிடுவதும் இங்கே வழக்கம்தான். வெறும் கண்ணால் பார்த்து இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். கடல் வளர்ப்பு முத்து என்றால் நடுவில் வைத்த சிப்பி மணி, அதாவது சிப்பி ஓட்டில் கடைந்த உருண்டை, தனியாகத் தெரியும். இயற்கை முத்தின் உள்ளே வெங்காயத்தை நறுக்கினாற்போல் அடுக்கடுக்காக வளையம் இருக்கும். ஜெம்மாலஜிக்கல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியா மும்பையிலேயே இருக்கிறது. முத்துப் பரிசோதனைக்குக் கட்டணம் எவ்வளவு, சரத்தை அப்படியே கொண்டுவரலாமா என்று போனில் கேட்டுக்கொண்டு போங்கள்.

நடுவில் பெரிசும் ஓரத்தில் போகப்போகச் சிறிசுமாக, ஒன்றுக்கொன்று உருட்சியில் லேசாக மாறுபட்டு இருக்கிறதா? நம்பிக்கை வைக்கக் கொஞ்சம் காரணம் உண்டு. இயற்கை என்று ரிப்போர்ட் வந்தால் நீங்கள் வாங்கப்போகும் புது செட்டை விட அது விலை போகலாம். வளர்ப்பு என்று வந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் மஞ்சள் ஏறிய முத்தைப் புது வெள்ளை முத்தோடு ஒரே சரத்தில் கோர்த்தால் இரண்டுமே கெட்டுத் தெரியும். தனியாகக் கோர்த்துக் கைக்கோ ஜடைக்கோ போடுங்கள்.

சரி, இனி கல்யாணத்துக்கு வருவோம். எந்த முத்து என்று யோசிப்பதற்கு முன், அன்றைக்கு அது எங்கே இருக்கப்போகிறது என்று யோசிக்க வேண்டும். காலையில் மாலை மாற்றும்போது மாமாக்கள் தூக்கிப் பிடிக்க, கழுத்தில் விழுவது கனத்த ரோஜா மாலை. மாட்டுங்கா பூக்கடையில் தண்ணீர் தெளித்துக் கட்டிக்கொடுத்தது, சொட்டச்சொட்ட வரும். அதற்கடியில் என்ன சரம் போட்டாலும் யாருக்கும் தெரியாது. ஈரம், சந்தனம், வைகாசி வியர்வை, ஹோமப் புகை எல்லாம் அதன்மேல்தான். முத்து பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளிப்பு எதுவும் அதற்கு ஆகாது, வியர்வையிலும் லேசாக அமிலம் உண்டு. ஒருநாள் வியர்வையில் முத்து செத்துப்போகாது என்பதும் உண்மை. ஆனால் கண்ணுக்கே தெரியாத இடத்தில் எதற்காக அந்தச் சோதனை?

அதனால் முகூர்த்தத்துக்குக் கழுத்தைத் தங்கத்துக்கு விட்டுவிட்டு, முத்தைக் காதுக்கும் தலைக்கும் கொடுங்கள். ஓரத்தில் முத்துத் தொங்கும் கெம்பு ஜிமிக்கி, அதன் கனத்தைத் தாங்க இரண்டு மூன்று சர முத்து மாட்டல், முத்து வைத்த நெத்திச்சுட்டி. அரக்கு நிறத்துக்குத் தூய வெள்ளை முத்து கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும், க்ரீம் நிறம் தங்கத்தோடு சேர்ந்து இழையும். அன்றைக்கு எடுக்கிற படங்களில் முக்கால்வாசி முகம்தான். காதில் இருப்பது எல்லாவற்றிலும் வரும். காதில் பதிக்கிற முத்துக்கு முழு உருண்டை வேண்டும் என்பதில்லை. பின்பக்கம் தட்டையாக இருக்கும் பட்டன் முத்து மடலோடு படிந்து உட்காரும், விலையும் குறைவு.

சாயங்காலம் கழுத்து காலியாகிவிடும் என்று நினைப்பீர்கள். ஆகாது, அங்கே இப்போது தாலி இருக்கும். புது மஞ்சள் சரடு தொட்டதெல்லாம் மஞ்சள்தான். முத்து கோர்த்த பட்டு நூல் அந்த மஞ்சளை உறிஞ்சிக்கொள்ளும், முத்தின் துளை ஓரத்திலும் கறை ஏறும், பிறகு போகாது. நீளச் சரம் போட்டால் இரண்டும் நெஞ்சில் நாள் முழுக்க உரசிக்கொண்டிருக்கும். ஆகவே ரிசப்ஷனுக்குக் கழுத்தை ஒட்டி உயரமாக நிற்கிற நகையாகப் பாருங்கள். தனிச்சரம் என்றால் 16 அங்குலம், கழுத்தெலும்பின் மேல் நிற்கும். தாலிச் சரட்டை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்ளலாம். மும்பையில் இருந்துகொண்டு மராத்தியர்களின் சிஞ்ச்பேட்டியைப் பார்க்காமல் விடாதீர்கள். சின்ன முத்துக்களைப் பட்டை பட்டையாகக் கோர்த்து நடுவில் கல் வைத்த கழுத்தொட்டி அது. வெளிர் ரோஸ் பட்டுக்கு அதை மட்டும் போட்டாலே போதும் என்பது என் கட்சி. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் "இது அவர்கள் நகை ஆச்சே" என்றால், முத்துத் தொங்கும் புல்லாக்கும் நெத்திச்சுட்டியும் நம்முடையதுதானே என்று சொல்லிச் சமாதானப்படுத்துங்கள்.

இப்போது 8,000, 60,000 விவகாரம். இரண்டு கடைக்காரருமே நியாயஸ்தராக இருக்கலாம். 8,000 சரம் அனேகமாக நன்னீர் முத்து, சீனாவில் குளத்தில் வளர்த்தது. பெரும்பாலும் உள்ளே மணி கிடையாது, முழுக்க முத்துப் பொருள்தான், அதனால் தோல் உரியும் பயம் குறைவு. முழு உருண்டையாகக் கிடைப்பதுதான் கஷ்டம். 60,000 சரம் ஜப்பானிய அகோயாவாக இருக்கலாம். பெரும்பாலும் 6 முதல் 8 மில்லிமீட்டர், நல்ல உருண்டை, கண்ணாடி மாதிரி மினுக்கு. ஆனால் உள்ளே சிப்பி மணி, அதன்மேல் மெல்லிய பூச்சு. பூச்சு ரொம்ப மெலிசாக இருந்தால் சில வருஷத்தில் உரியும். 10 மில்லிமீட்டருக்கு மேல் போகும் ஆஸ்திரேலிய, இந்தோனேசிய சௌத் ஸீ முத்து லட்சக் கணக்கு, உங்கள் கேள்விக்கு அது வேண்டாம். "அசல் ஹைதராபாத் முத்து" என்று ஒருவர் சொல்வார். ஹைதராபாதில் கடலும் இல்லை, முத்துப் பண்ணையும் இல்லை, வெளியிலிருந்து வரும் முத்தைத் துளைத்துக் கோர்க்கிற ஊர் அது. "தூத்துக்குடி முத்து" என்று இன்னொருவர் சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல்.

எந்த முத்தானாலும் காசு மினுக்குக்குப் போகட்டும், பருமனுக்குப் போக வேண்டாம். மங்கிய 9 மில்லிமீட்டரை விட மினுங்குகிற 6 மில்லிமீட்டர் மண்டப விளக்கில் நன்றாக எடுபடும். பார்ப்பது எளிது. கடையில் நீல வெல்வெட்டிலோ கறுப்புத் தட்டிலோ சரத்தைப் போட்டுக் காட்டுவார்கள், அதில் எதுவுமே ஜொலிக்கும். ஒரு வெள்ளைக் காகிதத்தில் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முத்திலும் மேலே இருக்கும் டியூப்லைட் தெரிகிறதா, அதன் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, பால் கலங்கினாற்போல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சரத்தைக் காகிதத்தில் மெல்ல உருட்டுங்கள், உருண்டை இல்லாதது தள்ளாடும். நிறத்தை மட்டும் கடைக்குள் முடிவு செய்யாதீர்கள். ரவிக்கைத் துணியைக் கையோடு கொண்டுபோய், வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் மகள் கையில் வைத்துப் பாருங்கள். வெள்ளி ஜரிகைக்கு வெள்ளையோ லேசான ரோஸ் சாயலோ சரியாக வரும்.

போலியா என்று பார்க்க இரண்டு முத்தை ஒன்றோடொன்று மெல்லத் தேய்த்தால் நறநறவென்று இருக்க வேண்டும். கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ வழுக்கும். இதற்குக் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் துளை வாயைப் பாருங்கள். பெயின்ட் மாதிரிச் செதில் பெயர்ந்திருந்தால் போலி, துளையைச் சுற்றி மட்டும் நிறம் அழுத்தமாக இருந்தால் சாயம் ஏற்றியது. இந்தச் சோதனைகள் இயற்கையா வளர்ப்பா என்பதைச் சொல்லாது, அதற்கு எக்ஸ்ரேதான். "ட்ரிபிள் ஏ கிரேடு" என்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு உலகப் பொது அளவுகோல் கிடையாது, ஒவ்வொரு கடையும் தானே வைத்துக்கொள்வது.

கோர்வைதான் பலரும் கவனிக்காமல் விடுவது. ஜவேரி பஜார் சந்துகளில் பட்வா என்கிற கோர்ப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு முத்து, ஒரு முடிச்சு, ஊசியால் முடிச்சை முத்தோடு ஒட்டத் தள்ளி, அடுத்த முத்து என்று போய்க்கொண்டே இருப்பார்கள். முத்துக்கு முத்து முடிச்சு இருந்தால் முத்துக்கள் உரசாது. நூல் அறுந்தாலும் ஒன்று இரண்டுதான் உருண்டோடும். ரிசப்ஷன் மேடையில் சரம் அறுந்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் நாற்காலிக்கடியில் தேடுவதை நினைத்துப் பாருங்கள். முடிச்சில்லாமல் நைலானில் கோர்த்த சரம் என்றால் விலை பேசும்போதே பட்டு நூலில் முடிச்சுப் போட்டு மறுபடி கோர்த்துத் தரச் சொல்லுங்கள். புது நூல் கொஞ்சம் தொய்யும் என்பதால் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே வேலை முடிந்துவிட வேண்டும்.

பில் விஷயத்தில் கறாராக இருங்கள். தங்கத்தில் பதித்த முத்து நகை என்றால் மொத்த எடை, முத்தும் கல்லும் கழித்த நிகரத் தங்க எடை இரண்டும் தனித்தனியாக வர வேண்டும். முத்தையும் தங்க விலைக்கு நிறுத்துவிட்டால் ஜிமிக்கி மாதிரி நகையில் நல்ல தொகை போய்விடும். ஹால்மார்க்கும், எழுத்தும் எண்ணும் கலந்து நகைக்கு நகை தனியாகப் பொறிக்கிற ஆறு இலக்க ஹெச்யுஐடி குறியும் தங்கத்துக்கு மட்டும்தான், முத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அதனால் முத்தின் வகையை "நன்னீர் வளர்ப்பு முத்து" அல்லது "அகோயா" என்று மில்லிமீட்டர் அளவோடு பில்லில் எழுதி வாங்குங்கள். "ரியல் பேர்ல்" என்று மட்டும் எழுதினால் பிறகு ஒன்றும் பேச முடியாது. 3 சதவீத ஜிஎஸ்டியை மிச்சம் பிடிக்க வரி போடாத கச்சா பில் தருகிறேன் என்றால் வேண்டாம்.

அன்றைக்கு மேக்கப், ஹேர் ஸ்ப்ரே, சென்ட் எல்லாம் முடிந்த பிறகுதான் முத்து. கழற்றும்போது அதுதான் முதலில். நலங்குக்கு முன் மறக்காமல் கழற்றி, லேசாக ஈரம் தொட்ட பருத்தித் துணியால் துடைத்து, காற்றாட விட்டு, மல்துணியில் சுற்றி வையுங்கள். அப்புறம் ஒன்று. கல்யாணம் முடிந்து தங்க நகைகளைப் பாலிஷுக்குக் கொடுக்கும்போது முத்து வைத்த ஜிமிக்கியையும் அதோடு சேர்த்துக் கொடுத்துவிடுவது எல்லா வீட்டிலும் நடப்பது. சுடுதண்ணீரில் பூந்திக்கொட்டை போட்டுத் தேய்த்தாலும் சரி, மெஷினில் போட்டாலும் சரி, பசையில் ஒட்டின முத்து கழன்றுவிடும், மினுக்கும் போய்விடும். அதைத் தனி டப்பாவில் கொடுத்து, கையால் துடைத்தால் போதும் என்று சொல்லி அனுப்புங்கள். லாக்கரில் வைக்கும்போது பிளாஸ்டிக் கவரும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டும் முத்துப் பெட்டிக்குள் வேண்டாம், முத்துக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும்.